ஒன்பதரைப் புள்ளி

சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்ற ஜஸ்ரினுக்கு, முன்னறையில் யாரோ நாக்கைத் தட்டியது கேட்டது. ‘ச்சிக்’ என்று ஒரே ஒரு தட்டு. பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் தட்டியிருந்தால் அவள் திரும்பியும் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் பதினோராம் மாடியில் இருக்கும் இந்த வீட்டில் அப்படித் தட்டுகிறவர் ஒருவர்தான். அவள் கணவர் மாக்கஸ். அவரை அடக்கம் செய்து, முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்து, பூசைக்கு வந்த சனத்துக்குச் சாப்பாடும் போட்டு அனுப்பியாகிவிட்டது. அந்தச் சாப்பாட்டின் மிச்சம் இன்னும் ஃபிரிட்ஜில் இருந்தது.

கத்தி பலகையிலேயே நின்றது. முன்னறையில் ரிவி அலறிக்கொண்டிருந்தது, வயலின்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுகிற மாதிரி. மகள் ஸ்டெபனி தனியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்டெபி, நீயே நாக்கடிச்சது?”

“என்னம்மா?”

“ஒண்டுமில்லை.”

தகப்பனோடு வருஷக்கணக்காக ஒரே சோபாவில் இருந்த பிள்ளை. தகப்பனின் பழக்கம் ஒட்டியிருக்கும். இப்படி நினைத்துக்கொண்டு ஜஸ்ரின் மிச்சக் கத்தரிக்காயையும் வெட்டினாள். துண்டுகள் ஒன்றுகூட ஒரே அளவில் வரவில்லை.

அந்த நாடகத்துக்கு ‘லோங் கொரிடோர்’ என்று பெயர். பிரித்தானியாக்காரன் எடுத்த பேய்த் தொடர். ஒவ்வொரு பாகமும் வேறு கதை, வேறு ஆட்கள், வேறு வீடு. தொடக்கம் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: நீளமான ஒரு நடைபாதை, அதன் கடைசியில் கொழுவியில் தொங்கும் ஒரு கோட், அதை நோக்கி மெல்ல மெல்ல நகரும் கமரா, மூன்றே மூன்று சுரம். அதற்குப் பிறகு வருவது அவரவர் அதிர்ஷ்டம். ஒரு பாகம் தொண்டைக்குள் தண்ணீர் இறங்க விடாது, அடுத்தது கொட்டாவி விட வைக்கும். ஒரே கூட்டம் எடுத்ததுதான் இரண்டும் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப ஏலாது. பிரியத்தோடு பார்க்கிறவர்களையும் இடைக்கிடை முகத்தில் அடித்து அனுப்புகிற தொடர் அது. ஆனாலும் தகப்பனும் மகளும் விட்டபாடில்லை.

மாக்கஸுக்கு அஜின்கோர்ட் பக்கம் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. ஸ்டெபனி பள்ளிக்கூடத்தால் வந்து, அவர் நித்திரையால் எழும்பி, தேத்தண்ணி குடித்து, வேலைக்கு வெளிக்கிடுவதற்கு முன் ஒரு பாகம் பார்ப்பார்கள். முடிந்ததும் இருவரும் கையை உயர்த்தி விரல்களால் புள்ளி போடுவார்கள். மகளுக்கு இரத்தம் தெறிக்கிற பாகங்கள்தான் பிடிக்கும். அவருக்கு ஒன்றுமே நடக்காத பாகங்கள். “முகத்தைக் காட்டினாங்களெண்டால் சரி, பயம் முடிஞ்சுது. காட்டாமல் விடுறவன்தான் கெட்டிக்காரன்” என்பார். எவ்வளவு பிடித்தாலும் அவர் பத்துப் புள்ளி கொடுத்ததில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ஏதோ ஒரு வேலையிடத்து மெஷின் அவருடைய வலது மோதிரவிரலில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. “பத்துக் குடுக்க எனக்கு விரல் காணாது பிள்ளை. ஒன்பதரைதான் என்ரை உச்சம்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஜஸ்ரின் அதில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அவள் எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து காதால் பார்த்தாள். பாகம் குப்பை என்றால் வயலின் கத்தும், மாக்கஸ் நாக்கைத் தட்டுவார், கொஞ்ச நேரத்தில் எழும்பிக் குளிக்கப் போய்விடுவார். நல்ல பாகம் என்றால் சத்தமே வராது. தகப்பனும் மகளும் மூச்சு விடுகிறார்களா என்று சந்தேகமாக இருக்கும். ஃபிரிட்ஜின் இரைச்சல் மட்டும் கேட்கும். அந்த நேரங்களில் காரணம் தெரியாமலே ஜஸ்ரினும் அகப்பையைக் கறிக்குள் போடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு அவர் சப்பாத்தைப் போடுவார். கதவுச் சங்கிலி கிலுங்கும். “போட்டு வாறன்” என்பார். சோபாவிலிருந்து திரும்பாமலே மகள், “போட்டு வாங்கோ அப்பா” என்பாள். அதைச் சொல்லிக்கொடுத்தது ஜஸ்ரின்தான். ஐந்து வயதில் ஸ்டெபனி “பாய், போங்கோ” என்று கையாட்டியபோது வாயில் ஒரு தட்டுத் தட்டித்தான் சொல்லிக்கொடுத்தாள். போ என்று ஒருவரைச் சொல்லக் கூடாது, போறன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கவும் கூடாது, போகிற ஆள் திரும்பி வரவேண்டும். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை தமிழில் எதை மறந்தாலும் இதை மறக்கவில்லை.

கார்த்திகை மாதம் தொழிற்சாலைக் கார்த் தரிப்பிடத்தில் மாக்கஸின் நெஞ்சு நின்றுபோனது. செத்தவீட்டு மண்டபத்தில் சவப்பெட்டியை மூடுகிற நேரம் ஸ்டெபனி குனிந்து அவர் நெற்றியில் கொஞ்சினாள். பிறகு, ஒவ்வொரு நாளும் சொல்கிற அதே குரலில், எல்லோருக்கும் கேட்க, “போட்டு வாங்கோ அப்பா” என்றாள்.

அழுதுகொண்டிருந்த சனம் ஒரு கணம் அழுகையை நிறுத்தியது. ஜஸ்ரினுக்கு நேர் பின்வரிசையில் இருந்த அருள்நாயகி அன்ரி, கீழ் மாடியில் குடியிருப்பவர், எட்டி ஜஸ்ரினின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பிள்ளைக்கு நீ சொல்லிக் குடுக்கேல்லையே? செத்தவீட்டிலை ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுறதில்லையடி. பேசாமல்தான் எழும்பிப் போறது. இவள் அந்த உடம்பைப் பாத்து வரச்சொல்லியெல்லோ விட்டிருக்கிறாள்!”

எதையெதையோ சொல்லிக்கொடுத்த ஜஸ்ரின் இதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் சாவு விழுமுன் எந்தத் தாய் இதைச் சொல்லிக்கொடுப்பாள்? ஆனால் ஒன்றை அவள் அன்ரியிடம் சொல்லவில்லை. மகள் அதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆசையாக இருந்தது.

கடைசித் தொகுதியில் நாலு பாகங்கள் பார்க்காமல் கிடந்தன. “அப்பா முடிக்கவேணும் எண்டவர்” என்று ஸ்டெபனி தொடங்கிவிட்டாள். ஜஸ்ரின் நாக்குத் தட்டலைக் கேட்டது முதலாவதில்.

இரண்டாவது நல்ல பாகம். அது தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஜஸ்ரினுக்கு விளங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டி, மல்வேர்ன் தெருவிளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் பனிக்குவியல்களில் அழுக்காகப் படிந்து கிடந்தது. பஸ் ஒன்று கீழே பெருமூச்சு விட்டு நின்றது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. ஃபிரிட்ஜ் மட்டும் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, பொரிந்துகொண்டிருந்த வெங்காய மணத்தையும் தள்ளிக்கொண்டு, முழங்காலுக்குப் பூசுகிற தைலமும் கருகின பிளாஸ்ரிக்கும் கலந்த மணம் ஒன்று வந்தது. இருபது வருஷமாக மாக்கஸின் வேலை உடுப்புகளில் அவள் தோய்த்துக் காயப்போட்ட மணம்.

அவள் கையைத் துடைக்காமலே வாசலில் போய் நின்றாள்.

தனியே இருந்தால் ஸ்டெபனி சோபா முழுவதும் கால் நீட்டிப் படுப்பாள். இப்போது ஒரு தொங்கலில் ஓரமாகக் காலை மடக்கிக்கொண்டு ஒடுங்கி இருந்தாள். மற்றத் தொங்கலில் யாரும் இல்லை. ஆனால் அங்கே மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. பாகம் முடிந்து எழுத்துகள் ஓடின. ஸ்டெபனி கண்ணை ரிவியிலிருந்து எடுக்காமல் எட்டு விரல்களை உயர்த்தினாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சிரித்தாள்.

“நோ வே! அஞ்சுதானா?”

பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமானது. கதவுச் சங்கிலி கிலுங்கியது. ஸ்டெபனி திரும்பவில்லை.

“போட்டு வாங்கோ அப்பா.”

ஜஸ்ரினுக்குப் பயமாக இருந்தது.  ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே வேறொன்றும் கிடந்தது. மனிசன் வீட்டுக்கு வந்து போகிறார் என்ற சந்தோஷம். அதற்காக அவள் வெட்கப்படவுமில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் குந்தினாள். “ஆரோடை கதைச்சனி பிள்ளை?”

“அப்பாவோடை.”

“தெரியிறாரே?”

“நான் பாக்கிறேல்லை அம்மா. பாத்தால் முடிஞ்சிடும். முகத்தைக் காட்டினால் பயம் முடிஞ்சுது எண்டு அப்பா சொல்லுறவர்தானே. ஸோ, ஐ டோன்ற் லுக். கடைக்கண்ணிலை இந்தப் பக்கத்துக் கை மட்டும் தெரியும்.”

மகளின் கையைப் பிடித்தபோது அது ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஸ்டெபனி சாப்பாட்டைத் தொடவில்லை. உதடு நீலம் பாரித்தது. வீட்டுக்குள் ஹீற்றர் எரிகிறபோதும் மூச்சு வெள்ளையாக வந்தது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தகப்பனை இழந்த பிள்ளை, காலம் எடுக்கும் என்றார். பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அது சோபாவில் பட்ட இடம் மட்டும் காயவில்லை. ஒருநாள் காலையில் ஸ்டெபனி பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் கதவைத் திறந்து போனாள். “போட்டு வாறன்” என்று சொல்லாமல் அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ஜஸ்ரின் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை திரும்பி வரும்வரை ஜன்னலிலேயே நின்றாள்.

அன்றைக்குப் பார்த்தது மூன்றாவது பாகம். ஜஸ்ரின் சமையலறையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். தொடங்கிய உடனேயே ஒரு பெண் வீரிட்டாள். வயலின்கள் குதறின. யாரோ ஒரு கிழவன் சாபத்தின் கதை முழுவதையும் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளங்கப்படுத்தத் தொடங்கினான். பாதியில் ‘ச்சிக்’ என்று நாக்குத் தட்டியது. சங்கிலி கிலுங்கியது.

“அப்பா, முடியேல்லை இன்னும்!” என்றாள் ஸ்டெபனி. பதில் இல்லை. தைல மணமும் இல்லை.

அன்று இரவு ஸ்டெபனி ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள். கறிக்கு உப்புக் காணாது என்று குறைகூடச் சொன்னாள். உதட்டில் சிவப்பு வந்திருந்தது. ஜஸ்ரின் குசினித் துவாயில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு இப்போது கணக்கு விளங்கியது. நல்ல பாகத்துக்கு அவர் இருக்கிறார், இருக்க இருக்கப் பிள்ளை குளிர்ந்துபோகிறாள். கூடாத பாகத்துக்கு அலுத்து எழும்பிப் போய்விடுகிறார், பிள்ளை திரும்பிக் கிடைக்கிறாள்.

இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

“அந்தக் கடைசிப் பாகம் எப்பிடியாம்?” என்று கேட்டாள், ஏதோ நாடக ரசிகை மாதிரி.

“ஒன்லைன்ல ஃபைற் அம்மா. பாதிப்பேர் மாஸ்ரபீஸ் எண்டுகினம், பாதிப்பேர் வேர்ஸ்ற் எவர் எண்டுகினம். நடுவிலை ஆருமில்லை.”

“அதைப் பாக்காமல் விட்டால் என்ன?”

ஸ்டெபனி தாயை இரக்கத்தோடு பார்த்தாள். “இஞ்சை விடாட்டி போனிலை பாப்பன். பஸ்ஸிலை எண்டாலும் பாப்பன். எங்கை பாத்தாலும் அவர் வருவார். வீட்டிலை எண்டால் நீங்கள் பக்கத்திலை இருப்பியள்.”

ஜஸ்ரின் எழும்பிப் போனாள். அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, எங்கேயோ இங்கிலாந்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஒரு நாடகக்காரன் கடைசிப் பாகத்தைக் கெடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மன்றாடினாள். அந்தோனியாரிடம் இப்படி ஒரு விண்ணப்பம் அதற்குமுன் போயிருக்காது. பிறகு தன்னையே தேற்றிக்கொண்டாள். அவர்தானே. பெற்ற பிள்ளையை மாக்கஸ் என்ன செய்யப்போகிறார்? பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் போய்விடுவார். போகும்போது அவரை யாரும் திரும்பி வரச் சொல்லாமல் இருந்தால் போதும்.

“இந்த முறை போட்டு வாங்கோ எண்டு சொல்லாதை ராசாத்தி. பேசாமல் இரு. விளங்குதோ?”

“ஓம் அம்மா. இந்த முறை சொல்ல மாட்டன்” என்றாள் ஸ்டெபனி.

தை மாதத்து வெள்ளிக்கிழமை. வெளியே தோலை உரிக்கிற குளிர். ஜன்னல் விளிம்புகளில் உள்பக்கமாகவே பனி பிடித்திருந்தது. ஜஸ்ரின் சோபாவின் நடுவில் இருக்கப் பார்த்தாள். ஸ்டெபனி, “அங்கை இடமில்லை அம்மா” என்றாள், மிக மெதுவாக. ஜஸ்ரின் எழும்பித் தன் பழைய இடமான சமையலறைக்கே போனாள். ஒன்றும் அடுப்பில் வைக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று சுரம் கேட்டது. யாரோ இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். கதவொன்று திறந்தது. காலடி. ஜஸ்ரின் ஒரு வீரிடலுக்காகக் காத்திருந்தாள். கத்து, என்றாள் மனதுக்குள். யாராவது கத்துங்கோ. இரத்தம் தெறிக்கட்டும், கிழவன் வந்து சாபத்தை விளங்கப்படுத்தட்டும், முகத்தைக் காட்டுங்கோ, கோரமாக, மலிவாக, சாயம் பூசின ஒரு முகத்தை.

ஒருவரும் கத்தவில்லை.

தாழ்ந்த குரல்களும் நின்றன. ஃபிரிட்ஜ் இரைந்தது. தைல மணம் வந்தது. பிளாஸ்ரிக் மணம் அதற்கும் மேலாக வந்து தொண்டையில் குந்தியது. மகள் மூச்சு விடுகிறாளா? கேட்கவில்லை.

ஃபிரிட்ஜும் நின்றது.

நல்ல பாகம். கடவுளே. நல்ல பாகம்.

போகவேண்டும். கால் வரவில்லை. மேசை விளிம்பு கையை வெட்டியது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. முடிவு இசை வரவில்லை. பேச்சு வரவில்லை.

சங்கிலி கிலுங்கியது.

ஒருமுறை அல்ல. யாரோ அதைக் கழற்றிக் கீழே விட்டார்கள்.

ஓடினாள். சோபாவில் இரண்டு பள்ளங்கள். இரண்டிலும் ஆளில்லை. ரிவியில் அந்த நடைபாதை அசையாமல் நின்றது. அதன் கடைசியில் கொழுவி மட்டும் இருந்தது. கோட் இல்லை.

வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஸ்டெபனியின் குளிர்க் கோட் கொழுவியில் தொங்கியது. பூட்ஸ் இரண்டும் மிதியடியில் ஒழுங்காக இருந்தன.

பதினோராம் மாடியின் நடைபாதை. கறள் பிடித்த இரும்பின் நிறத்தில் கம்பளம். இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். எந்த வீட்டிலும் சத்தமில்லை, கறி மணமில்லை. கடைசியில், படிக்கட்டுப் பக்கத்து விளக்கு எரியவில்லை. அதை நோக்கி ஸ்டெபனி காலுறையோடு நடந்துகொண்டிருந்தாள்.

“ஸ்டெபி!”

நின்றாள். திரும்பவில்லை.

“போறன் அம்மா.”

ஜஸ்ரினின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்ன அதே குரல்.

“போறன் எண்டு சொல்லக்கூடாது பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லு.”

ஜஸ்ரின் வாசலைத் தாண்டி ஓரடி வைத்தாள்.

“சொல்லு ராசாத்தி. ஒருக்காச் சொல்லு. போட்டு வாறன் எண்டு சொல்லு.”

ஸ்டெபனி சொல்லவில்லை. மெல்ல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். விரல்களை விரித்தாள். பத்து. இரத்தம் தெறிக்காத ஒரு பாகத்துக்கு அவள் அதற்குமுன் பத்துக் கொடுத்ததில்லை.

அவளுக்குப் பக்கத்து இருட்டில், அவள் கைகளுக்கும் மேலே, இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன.

பெரிய கைகள். ஆம்பிளைக் கைகள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஜஸ்ரினின் கண் பழக்கத்தில் வலது கைக்குப் போனது. இருபது வருஷம் அவள் பிடித்துத் திரிந்த கை. மோதிரவிரலுக்குப் போனது.

விரல் முழுதாக இருந்தது. நகத்தோடு இருந்தது.

பத்து.

அது அப்பா இல்லையடி, என்று கத்தப் பார்த்தாள். அதற்குள் அந்தக் கைகளில் ஒன்று கீழே இறங்கி மகளின் விரல்களைக் கோத்துப் பிடித்தது. பிள்ளை அதை நம்பிப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டுக் கதவு திறந்தது.

ஸ்டெபனி அதன் முகத்தைப் பார்க்கவேயில்லை.